கரடிப் பொம்மை ஃபைலை அழிக்கச் சொல்லி மெயில் வருது, நம்பலாமா?

கல்லிடைக்காரன்:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். கல்லிடைக்குறிச்சியில அப்பள வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பாக்குற ஆபீஸ் இது. பத்து நாளா ரெண்டு மெயிலை ஆள் மாத்தி ஆள் அனுப்பிக்கிட்டே இருக்காவ.

முதல் மெயில்: 'இன்விடேஷன்'னு தலைப்பு போட்ட மெயில் வந்தா திறக்காதீங்க, ஒலிம்பிக் தீபம் எரியும், அதோட ஹார்டு டிஸ்க்கும் எரிஞ்சு போகும், 'ஜீரோ செக்டார்' அழிஞ்சா மருந்தே கிடையாது, மைக்ரோசாஃப்ட்டும் சிஎன்என்னும் நேத்துதான் சொன்னாவ, தெரிஞ்ச எல்லாருக்கும் அனுப்புங்க.

ரெண்டாவது: சிஸ்டத்துல 'ஜேடிபிஜிஎம்ஜிஆர்.இஎக்ஸ்இ'னு தேடுங்க, சாம்பல் நிறக் கரடிப் பொம்மை படம் இருக்கும், 14 நாள் சும்மா கிடந்துட்டு அப்புறம் வேலையைக் காட்டும், ஆன்டிவைரஸுக்கும் சிக்காது, உடனே அழிங்க.

ஒரு கடையில பில் போடுற பழைய விண்டோஸ் எக்ஸ்பி சிஸ்டத்துல தேடியிருக்காவ, கரடி இருந்திருக்கு. அழிச்சுட்டு ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டாவ. அந்த ஃபைலைத் திருப்பிக் கொண்டு வரணுமா? ஜீரோ செக்டார்ங்கிறது நிசமா? இனிமே வர்ற மெயில்ல எது நிசம், எது புளுகுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

---

பாளை மெக்கானிக்:

கரடி கதையை முதல்ல முடிச்சிருவோம். அது வைரஸ் இல்லை. மைக்ரோசாஃப்ட் தன்னோட ஜாவாவுக்காகப் பழைய விண்டோஸோட சேர்த்துக் கொடுத்த பிழைதிருத்தக் கருவியின் ஒரு துண்டு. கரடிப் படமும் அவங்க வச்சதுதான். இந்த மெயில் 2002லயே உலகம் சுத்தின பழைய சரக்கு.

எதனால இத்தனை பேர் நம்பினாங்கன்னு பாருங்க. விண்டோஸோடவே வந்த ஃபைலைத் தேடச் சொன்னா, அந்தக் காலத்துச் சிஸ்டத்துல பெரும்பாலும் அது இருக்கத்தான் செய்யும். "சொன்ன மாதிரியே இருக்கே"ன்னு நெஞ்சு திக்குங்கும். ஆன்டிவைரஸும் ஒண்ணும் சொல்லாது, ஏன்னா சொல்ல ஒண்ணும் இல்லை. அதையே மெயில்ல "ஆன்டிவைரஸுக்குச் சிக்காது"ன்னு முன்கூட்டியே எழுதி வச்சிருப்பான். இதுல நாசம் பண்ணுறது வைரஸ் இல்லை, படிக்கிறவர் கையாலயே நடக்கிற அழிப்பு.

கடைக்காரர் பயப்பட வேண்டாம். விஷுவல் ஜே ப்ளஸ் ப்ளஸ் 1.1ல ஜாவா புரோகிராம் எழுதுறவங்களுக்கு மட்டும்தான் அந்த ஃபைல் தேவை. பில் போடுற சிஸ்டத்துக்கு அது இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அப்படியே விட்டுருங்க. இணையத்துல தேடி எவனோ போட்டு வச்ச அதே பேர் ஃபைலை இறக்கி மட்டும் வச்சிராதீங்க, நிசமான வைரஸ் உள்ள வர்றதுக்கு அதுதான் வழி.

வேற ஏதாவது விண்டோஸ் ஃபைலை இப்படி அழிச்சிருந்தா, விண்டோஸ் 10, 11ல கமாண்ட் பிராம்ப்டை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்து, 'எஸ்எஃப்சி' அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, 'ஸ்கேன்நவ்'னு சேர்த்து என்டர் தட்டுங்க. குறைஞ்ச ஃபைலை அதுவே எடுத்து வைக்கும். எக்ஸ்பியில அதே கட்டளைக்கு விண்டோஸ் சிடியைக் கேட்கும், எக்ஸ்பியோட எந்த சர்வீஸ் பேக் (திருத்தத் தொகுப்பு) ஓடுதோ அதே சிடி வேணும்.

இன்னொண்ணு. அந்தக் கடைக்கு நிசமான ஆபத்து எக்ஸ்பிதான். 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோட மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டாச்சு. பில் மட்டும் போடுறதுன்னா நெட் கேபிளைக் கழட்டிருங்க. கணக்கு ஃபோல்டரை ரெண்டு பென் டிரைவ்ல மாத்தி மாத்தி எடுத்து, ஒண்ணை வீட்டுல வைக்கச் சொல்லுங்க.

---

ஜங்ஷன் ரயிலடி:

ஜீரோ செக்டாருக்கு நான் சொல்றேன். அப்படி ஒரு இடம் நிசமாவே உண்டு, அதனாலதான் கேட்டவங்க நம்புறாங்க. பழைய முறையில பிரிச்ச டிஸ்க்கோட முதல் 512 பைட் அது. அதுல 446 பைட் சிஸ்டத்தைக் கிளப்பி விடுற புரோகிராம், 64 பைட் எந்தப் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரிச்ச பகுதி) எங்கே தொடங்குதுங்கிற அட்டவணை, கடைசி 2 பைட் அடையாளம். உங்க கணக்கு, ஃபோட்டோ, கடிதம் எதுவும் அங்க இல்லை. அந்த 512 பைட் போனா வீடு இடிஞ்சதா அர்த்தம் இல்லை, வாசல்ல எழுதியிருந்த முகவரி அழிஞ்சிருக்கு, அவ்வளவுதான். விண்டோஸ் இன்ஸ்டால் பண்ணுற டிஸ்க்ல 'ரிப்பேர்' போய் 'பூட்ரெக்' கட்டளையில 'ஃபிக்ஸ்எம்பிஆர்' கொடுத்தா முதல் 446 பைட் சரியாகும். அட்டவணையும் போயிருந்தா அது போதாது. 'டெஸ்ட்டிஸ்க்'னு இலவச புரோகிராம் இருக்கு, டிஸ்க்கைத் துழாவிப் பார்ட்டிஷன்களைக் கண்டுபிடிச்சு அட்டவணையைத் திரும்ப எழுதும். புது சிஸ்டங்கள்ல ஜிபிடி முறை, அட்டவணைக்கு இன்னொரு பிரதி டிஸ்க் கடைசியிலயே இருக்கு. 'மருந்தே கிடையாது'ங்கிறது அப்பட்டமான பொய்.

எரியுறதும் கிடையாது. ஆனா "வைரஸால ஹார்டுவேருக்கு எதுவுமே ஆகாது"ன்னும் சொல்லிர முடியாது. 1999 ஏப்ரல் 26ல சிஐஎச் வைரஸ் பல மதர்போர்டுகள்ல பயாஸை, அதாவது சிஸ்டத்தைக் கிளப்புற முதல் புரோகிராமை, அழிச்சு எழுதிச்சு, சிப்பை மாத்தாம, இல்லாட்டி அதுல திரும்ப எழுதாம சிஸ்டம் கிளம்பல. அந்த எச்சரிக்கை நிசம். அதுல வைரஸ் பேர், எந்த விண்டோஸ், எந்தத் தேதி எல்லாம் இருந்துச்சு. தீபம் எரியும், நெஞ்சு வெடிக்கும்ங்கிற பேச்சு இல்லை.

---

குற்றாலச் சாரல்:

மூணாவது கேள்விதான் முக்கியம். ஒரு வித்தியாசத்தை மனசுல வச்சுக்கிடுங்க. புளுகு மெயில் பேரை மட்டும்தான் சொல்லும். நிசமான எச்சரிக்கை வழியை சொல்லும்: எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எது வழியா உள்ள வருது, எதைப் போட்டா அடைபடும். மத்திய அரசோட கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2004ல இருந்து இந்த வேலையைப் பாக்குது. அவங்க குறிப்புக்கு 'சிஐவிஎன்', பிறகு ஆண்டு, பிறகு எண்ணுன்னு ஒரு வரிசை இருக்கும். "எல்லாருக்கும் அனுப்புங்க"ன்னு ஒருநாளும் எழுத மாட்டாங்க. "நேத்து அறிவிச்சாங்க"ன்னு இருந்தா எந்த நேத்துன்னு கேளுங்க. தேதி இல்லாத 'நேத்து'க்கு வயசே ஆகாது. 'குட் டைம்ஸ்'னு தலைப்பு போட்ட மெயிலைத் திறக்காதீங்கன்னு சொன்ன புளுகு 1994 கடைசியில கிளம்பி வருஷக்கணக்கா ஓடுச்சு.

அனுப்பினவர் முகவரியைப் பாத்துக் கண்டுபிடிக்கலாம்னு நினைக்காதீங்க. இந்த மாதிரி மெயிலை அனுப்புறது உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச, நல்ல மனசுள்ள ஆள்தான். மெயில் எங்கிருந்து வந்துச்சுன்னு காட்டுற ஹெடர்ல எல்லாம் சுத்தமா இருக்கும். மெயில் நடுவுல இருக்குற ஒரு வித்தியாசமான வாக்கியத்தை அப்படியே எடுத்து மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடுங்க. அதே வாக்கியம் பத்து வருஷம் முன்னாடி தேதியோட கிடைச்சா விஷயம் முடிஞ்சுது.

இதுல ஒரு சிக்கல் உண்டு. 'இன்விடேஷன்' மெயில் புளுகுன்னு தெரிஞ்சதும் இன்விடேஷன் எதுவும் ஆபத்து இல்லைன்னு நினைச்சிருவாங்க. இப்போ வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகைன்னு வர்ற ஏபிகே ஃபைல் நிசமான திருட்டு. அது பத்திரிகை இல்லை, ஆப். போட்டதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், ஓடிபியைத் தூக்கும். அதனால பேரைப் பாக்காதீங்க, பேருக்குப் பின்னால கடைசிப் புள்ளிக்கு அப்புறம் என்ன இருக்குன்னு பாருங்க. ஜேபிஜி, பிடிஎஃப்னா பத்திரிகை. ஏபிகேன்னா தொடாதீங்க. தெரியாமப் போட்டுட்டா, உடனே ஏரோப்ளேன் மோட், வைஃபையும் சேர்த்து ஆஃப். ஆப் அழியலைன்னா செட்டிங்ஸ்ல 'டிவைஸ் அட்மின்' பட்டியல்ல அதை நிறுத்திட்டு அழிங்க. வேற போன்ல இருந்து பேங்குக்குச் சொல்லுங்க, பணம் போயிருந்தா சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடிங்க. காலையில பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க, பணம் அதுக்குள்ள கைமாறிரும்.

கம்ப்யூட்டர்லயும் இதே கதைதான். 2000 மே மாதம் வந்த ஐலவ்யூ வைரஸ், 'டிஎக்ஸ்டி'ன்னு முடியுற கடிதம் மாதிரி தெரிஞ்சுது. அதுக்குப் பின்னால இருந்த, புரோகிராம்னு காட்டுற 'விபிஎஸ்'ஸை விண்டோஸ் மறைச்சு வச்சிருந்துச்சு. விண்டோஸ் 11ல 'வியூ', 'ஷோ' போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் போட்டு வைங்க. ஆபீஸ்ல எல்லா சிஸ்டத்துலயும் இன்னைக்கே செய்யலாம்.

---

கல்லிடைக்காரன்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. இன்னும் ஒண்ணு. கரடி மெயிலை எங்களுக்கு அனுப்பினது ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருத்தர். ஊர்ல மரியாதையுள்ள ஆள். 'டூ'வுல நூறு முகவரிக்கு மேல இருக்கு. மனசு நோகாம அவருக்கு எப்படிச் சொல்ல?

---

பாளை மெக்கானிக்:

'ரிப்ளை ஆல்' அடிக்காதீங்க, நூறு பேர் முன்னால வாத்தியாரைத் திருத்தின மாதிரி ஆயிரும். அவருக்கு மட்டும் எழுதுங்க. திருத்தத்தை அவரே அனுப்பட்டும், அவர் சொன்னா ஊர் கேட்கும். இப்படி எழுதலாம்:

"ஐயா, வணக்கம். எங்கள் மேல் அக்கறை வைத்து அனுப்பியதற்கு நன்றி. விசாரித்ததில் அந்தக் கரடிப் பட ஃபைல் பழைய விண்டோஸோடு வந்தது, வைரஸ் இல்லை என்று தெரிந்தது. அழித்தவர்கள் கவலைப்பட வேண்டாம். அழிக்காதவர்கள் அப்படியே விட்டுவிடலாம். தாங்களே எல்லாருக்கும் இதைத் தெரிவித்தால் நல்லது. முகவரிகளை பிசிசியில் போட்டு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்."

பிசிசியில போட்டா ஒருத்தர் முகவரி மத்தவங்களுக்குத் தெரியாது. அது ஏன்னா, நூறு முகவரியும் வெளியே தெரியுற மாதிரி போன மெயில் கை மாறிக் கை மாறி ஸ்பேம் அனுப்புறவன் கையில சிக்கினா, அத்தனை பேருக்கும் குப்பை மெயில் வரும். ஒருத்தர் பத்துப் பேருக்கு, அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துன்னு போனா ஆறாவது சுத்துல 10 லட்சம் மெயில். நேரம் இருந்தா ஒரு நடை நேர்ல போய் அவர் சிஸ்டத்தையும் பாருங்க. அவரும் அழிச்சிருப்பார். அழிச்சதோட நிக்காம, மெயில்ல சொல்லாத ஃபைலையும் சந்தேகப்பட்டுத் தூக்கியிருக்காரான்னு கேளுங்க. அப்படி இருந்தா மேல சொன்ன 'ஸ்கேன்நவ்' ஓட்டிட்டு வாங்க.