சினைப்பை அகற்றும் அறுவை: முற்றிய மார்பகப் புற்றில் பலன் எத்தனை காலம் நிற்கும்?

மண்டபத்துத் தம்பி:
என் அக்காவுக்கு வயது 41. மார்பகப் புற்று இடுப்பெலும்புக்குப் பரவியிருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள வகை, அதாவது சினைப்பையில் (ஓவரி) சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றிக்கொண்டு வளரும் வகை என்று திசுப் பரிசோதனையில் வந்திருக்கிறது. மாதவிடாய் நிற்காததால் சினைப்பையை அடக்கும் ஊசியை 28 நாளுக்கு ஒருமுறை வயிற்றில் போட வேண்டும், இல்லையென்றால் இரு சினைப்பைகளையும் எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். கடல்பாசி எடுத்துப் பிழைக்கும் அக்காவுக்கு, ஒவ்வோர் ஊசிக்கும் மதுரை போய்வர இரண்டு நாள் கூலி போகிறது. அறுவை செய்தால் பலன் நீடிக்குமா?

கீழக்கரை, ஓய்வுபெற்ற செவிலியர்:
தம்பி, இது பழைய அறுவைதான். கிளாஸ்கோவில் பீட்சன் என்பவர் 1895இல் செய்து, மறு ஆண்டு எழுதி வெளியிட்டார். அவருடைய முதல் நோயாளிக்குக் கட்டிகள் கரைந்தன. ஆனாலும் சில ஆண்டுகளில் நோய் திரும்பியது. ஏற்பிப் பரிசோதனை இல்லாத அக்காலத்தில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கே குணம் தெரிந்தது. ஈஸ்ட்ரோஜனைக் குறைக்க 1950களில் அட்ரீனல், பிட்யூட்டரி சுரப்பிகளைக்கூட எடுத்தார்கள். ஹார்மோன் மாத்திரைகள் வந்த பிறகு அந்தக் கொடிய அறுவைகள் வழக்கொழிந்தன.

ஊசியையும் அறுவையையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் உயிர்வாழும் காலம் பெரிதாக வேறுபடவில்லை. ஊசியை நிறுத்தினால் சினைப்பை மீண்டும் வேலை செய்யக்கூடும், அறுவையில் அதற்கு வழியில்லை என்பதே வேறுபாடு. அலைச்சலைப் பார்த்தால் நான் அறுவையையே சொல்வேன். காலத்தைக் கூட்டுவது உடன் உண்ணும் மாத்திரைகள். மாதவிடாய் நிற்காத பெண்களிடம் நடந்த மோனாலீசா-7 ஆய்வில், சினைப்பையை ஊசியால் அடக்கி, ஹார்மோன் மாத்திரையுடன் புற்றணு பெருகுவதைத் தடுக்கும் ரிபோசிக்ளிப் மாத்திரையும் சேர்த்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் உயிரோடு கடந்த காலம்) 58.7 மாதம், சேர்க்காதவர்களுக்கு 48 மாதம். சினைப்பை இயங்கும்போது ஈஸ்ட்ரோஜன் உருவாவதைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரையை மட்டும் கொடுப்பதில் பயனில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொண்டி வாசகி:
நான் நான்காண்டுகளுக்கு முன் செய்துகொண்டேன். வயிற்றில் மூன்று சிறு துளைகள், மறுநாளே வீடு. சினைப்பை போனபின் வரும் உடல் வெக்கைதான் தாங்கவில்லை; கடற்காற்று வீசும் திண்ணையில் படுத்தும் தலையணை நனைந்துவிடும். ஒன்று சொல்கிறேன்: எங்கள் ஊரில் இதைக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றே பேசுகிறார்கள். எதை எடுக்கிறார்கள் என்று சம்மதப் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மண்டபத்துத் தம்பி:
நன்றி. மறுபடி கடலில் இறங்கலாமா என்றுதான் அக்கா கேட்கிறார்.

கீழக்கரை, ஓய்வுபெற்ற செவிலியர்:
துளைகள் ஆறியதும் என்று சொல்லிவிட மாட்டேன். இடுப்பெலும்பு பாரம் தாங்குமா என்று படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை ஈரப்பாசி மூட்டையை வேறு யாராவது தூக்கட்டும்.