பழைய ஸ்வெட்டர் வாங்கலாமா?

அஸ்தம்பட்டி அம்மா:
பையனுக்கு ஏற்காட்டில் வேலை. சேலத்து வெயிலில் வளர்ந்தவன், ஒரு ஸ்வெட்டர்கூடக் கிடையாது. புதிதாக இரண்டு எடுத்தால் மூவாயிரம் ஆகும்போல. பழையது வாங்கலாமா? "அடுத்தவங்க போட்ட துணி ஆகாது" என்கிறார் மாமியார்.

கொண்டை ஊசி 20:
தாராளமாக வாங்குங்கள். ஒன்பது வருடமாக நான் மேலேதான் இருக்கிறேன். சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழி விடியலில் பைக் ஓட்டினால் விரல் மடங்காது. நான் போடும் சாம்பல் நிற ஸ்வெட்டர் 180 ரூபாய்க்கு வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் துவைத்துத் துவைத்து, சுருங்க வேண்டியது சுருங்கி, போக வேண்டிய சாயமும் போய்விட்டது. 1,400 கொடுத்து வாங்கிய புதுசு, இரண்டாம் சலவையில் என் மகளுக்கு அளவாகிவிட்டது! அக்குள், முழங்கை, கழுத்துப் பட்டி மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பூச்சி அரித்த பொட்டு ஓட்டை இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
தறிக் குடும்பம் எங்களுடையது. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு, பருத்தி விளைவதிலிருந்து கணக்கிட்டால், சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் என்பார்கள். நல்ல துணி குப்பைக்குப் போனால் மனசு கேட்காது. உள்ளாடை மட்டும் புதிதாக எடுங்கள்.

அஸ்தம்பட்டி அம்மா:
மாமியார் கல்யாணத்துக்குக் கட்டியதே அவர் அம்மாவின் பட்டுதான். சொன்னேன், சிரித்துவிட்டார். கம்பளியை வெந்நீரில் போடலாமா?

கொண்டை ஊசி 20:
ஐயோ, வேண்டாம், சுருங்கிவிடும். பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள், பூச்சி இருந்தால் செத்துவிடும். அப்புறம் பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் விரித்துப் போடுங்கள்.