அப்பாவுக்கு யோகாவா, சாதாரண நீட்டல் பயிற்சியா?

வணக்கம். குழுவில் யோகா சொல்லித் தருபவர்கள், இயன்முறை மருத்துவம் தெரிந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியே காலத்தைக் கழித்தவர். நீண்ட கம்பில் கட்டிய அரிவாளோடு நாள் முழுக்க அண்ணாந்து நின்ற உடம்பு. இப்போது குனிந்து செருப்பு வாரை மாட்டுவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கிளினிக்கில் இடுப்புக்கும் பின்தொடைக்கும் சில நீட்டல் பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். அத்தையோ, கோயில் மண்டபத்து யோகா வகுப்பில் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

தேடிப் படித்தேன். 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், வயதானவர்கள் 118 பேரில் ஒரு பிரிவினர் ஹட யோகாவும் மற்றவர்கள் நீட்டல், தசை வலுப் பயிற்சிகளும் 8 வாரம் செய்திருக்கிறார்கள். இரு தரப்புக்கும் உடல் நெகிழ்வு ஏறக்குறைய ஒரே அளவில் கூடியிருக்கிறது. 2011இல் வந்த, 228 பேர் பங்கேற்ற முதுகுவலி ஆய்விலும் யோகா நீட்டல் பயிற்சியை முந்தவில்லை. எதைச் செய்தாலும் விடாமல் செய்தால் போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இதை அத்தையிடம் சொன்னால் சோறு கிடைக்காது.

கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனத்தை முழங்காலை மடக்கியோ நாற்காலியில் அமர்ந்தோ செய்யலாமா? ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் எந்த ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும்? சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரத்தில் முதியவர்களுக்கென்று வகுப்பு எடுப்பவர்கள் இருந்தாலும் தெரிவியுங்கள். மாலை வகுப்பாக இருந்தால் நல்லது; காலையில் அவரைத் தே தாரிக் கடையிலிருந்து கிளப்புவது என்னால் ஆகாத காரியம்.