படகில் கால் வைத்த ஆங்கில எழுத்து: எங்கே தப்பு?

பாம்பன் தூரிகை:
பாம்பனில் படகுகளுக்குப் பெயர் எழுதுகிறேன், அப்பாவிடம் கற்ற தொழில். தமிழும், பதிவு எண்ணுக்கு எழுதும் கால் இல்லாத மொத்தை ஆங்கில எழுத்தும் கைக்குப் பழக்கம். இந்தமுறை ஒரு விசைப்படகுக்காரர் ‘ஆன்டனி’ என்ற பெயரை ஆங்கிலத்தில் (ANTONY), செய்தித்தாள் எழுத்து மாதிரி முனைகளில் குட்டிக்கால் வைத்துக் கேட்டார். படகின் முன்பக்க அணியத்தில் 9 அங்குல உயரத்துக்கு எழுதினேன். போனில் டைம்ஸ் நியூ ரோமன் என்ற அச்செழுத்தைப் பார்த்து சில கோடுகளை மெலிதாக்கி, கடைசியில் கால்களை ஒட்டினேன். கிட்டத்தில் பரவாயில்லை, கரையில் தள்ளி நின்று பார்த்தால் கால் எல்லாம் ஆணி அடித்த சட்டம் மாதிரி இருக்கிறது. ‘என்’ இரண்டும் கண்ணை உறுத்துகின்றன. ‘ஓ’ சின்னதாகத் தெரிகிறது, ஆனால் அளந்தால் எல்லாம் ஒரே உயரம்தான். ஜூன் 14 தடைக்காலம் முடிவதற்குள் திருத்தியாக வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

கீழக்கரை அச்சுக்கூடம்:
தம்பி, ‘என்’னில் நேர்க்கோடு இரண்டையும் தடிப்பாகப் போட்டிருப்பீர்கள். அதில் நேர்க்கோடுகள் மெலிது, சாய்கோடுதான் தடிப்பு. ‘ஏ’வுக்கு இடக்கால் மெலிது, வலக்கால் தடிப்பு. ‘ஒய்’க்கு இடக்கை தடிப்பு, வலக்கை மெலிது, நடுத்தண்டு தடிப்பு. பட்டை நிப் பேனாவை வலக்கையில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து எழுதிப் பாருங்கள், இடமிருந்து வலமாகக் கீழே இறங்கும் கோடு தானாகவே தடிக்கும், மேலே ஏறும் கோடு மெலியும்.

‘ஓ’வை அளவு நாடாவை நம்பி எழுதாதீர்கள். வளைவின் உச்சி மட்டும்தான் கோட்டைத் தொடுகிறது, அதனால் கண்ணுக்குக் குள்ளமாகத் தெரியும். உங்கள் 9 அங்குலத்துக்கு நூல் அடித்த கோட்டைத் தாண்டி மேலே 3 மில்லிமீட்டர், கீழே 3 மில்லிமீட்டர் விடுங்கள். அச்செழுத்து வெட்டியவர்களும் இப்படித்தான் செய்தார்கள்.

மண்டபம் வாசகன்:
அண்ணே, கால்களைக் கடைசியில் ஒட்டினேன் என்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ரோமில் டிராஜன் தூண் என்று ஒன்று இருக்கிறது, கி.பி. 113ஆம் ஆண்டுடையது. அதன் பீடத்தில் வெட்டியிருக்கும் எழுத்துதான் இந்தப் பெரிய எழுத்துகளுக்கெல்லாம் மூலமாதிரி. எட்வர்ட் காட்டிச் என்பவர் (அவரும் முன்பு உங்களைப் போல போர்டு எழுதியவர்தான்) அதைப் பல வருடம் ஆராய்ந்து, உளி படுவதற்கு முன்பே பட்டை பிரஷ்ஷால் கல்லில் எழுதியிருக்கிறார்கள், செரிஃப் என்ற அந்தக் குட்டிக்கால் பிரஷ்ஷைத் தொடங்கி முடிக்கும் கையசைவிலேயே வந்தது என்று 1968ல் எழுதினார். உளி கொத்தியதால் வந்தது என்றுதான் அதுவரை பலரும் நம்பினார்கள். எனக்குக் காட்டிச் சொல்வதே சரியாகத் தோன்றுகிறது. பட்டை பிரஷ் பிடித்துப் பழகிய கைக்கு அது புரியும். தண்டை இழுத்து அடியில் வந்ததும் பிரஷ்ஷை லேசாகத் திருப்பி வெளியே இழுங்கள், தண்டும் காலும் சேரும் இடத்தில் ஒரு சின்ன வளைவு விழும். அந்த வளைவு இல்லாததால்தான் ஆணி அடித்த மாதிரி இருக்கிறது.

போடோனி என்ற அச்செழுத்து வகையில் அந்த வளைவு கிடையாது, முடி போல நேர்க்கால்தான். தாளில் அழகு, படகுக்கு ஆகாது. உப்புக் காற்றும் கயிறு உரசலும் முதலில் அந்த மெலிந்த கோட்டைத்தான் தின்னும். அதனால் மெலிதையும் தடிப்பில் பாதிக்குக் கீழே குறைக்காதீர்கள்.

பாம்பன் தூரிகை:
சரி, இதே கால் கீழே இருக்கும் தமிழ்ப் பெயருக்கும் வேண்டுமாம், போடலாமா?

கீழக்கரை அச்சுக்கூடம்:
வேண்டாம் தம்பி. நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது, கோடு எங்கும் ஒரே தடிமன், பிரஷ் திருப்புவதற்கு அதில் இடமில்லை. ‘ந’வுக்குக் கால் ஒட்டினால் வேறு ஏதோ எழுத்து மாதிரி ஆகிவிடும். தமிழின் தடிமனை ஆங்கிலத் தண்டின் தடிமனோடு பொருத்துங்கள், இரண்டும் சேர்ந்து நிற்கும்.

பாம்பன் தூரிகை:
படகுக்காரர் தமிழுக்குக் கால் வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார். நேற்று சாயங்காலம் பழையதைச் சுரண்டிவிட்டு ஒன்றரை அங்குலப் பட்டை பிரஷ்ஷால் முதல் ‘என்’னை எழுதினேன், அடியில் திருப்பியதும் அந்த வளைவு தானாக விழுந்தது. இரண்டாவது ‘என்’ பலகை மூட்டின் மேல் வருகிறது. மூட்டுக்கு மக்கு வைத்திருக்கிறேன், காய்ந்ததும் எழுதுவேன்.