வெண்ணாத்தங்கரைச் சொந்தங்கள்: கிச்சிலிச் சம்பாவுக்குச் சான்று

ராஜா: கிச்சிலிச் சம்பா கேட்ட சென்னைக் கடைக்காரர் பேசினாரு. சான்று இருந்தாத்தான் பாக்கெட்ல இயற்கைன்னு போட முடியுமாம்

சேகர் சித்தப்பா: நம்ம நெல்லுக்கு நாமளே சாட்சி. சான்று எதுக்கு

கலா அத்தை: சாப்பிடுறவங்களுக்கு நாமளே நேரா வித்தா கட்டாயமில்ல. கடை வழியாப் போனா வேணும், 2017ல வந்த உணவுப் பாதுகாப்பு விதி. வெளிநாட்டுக்கு அனுப்புறதா இருந்தா என்.பி.ஓ.பி.ன்னு தேசிய இயற்கை உற்பத்தித் திட்டச் சான்று எடுக்கணும், அதுக்கு ஆய்வாளர் வருவாரு. உள்நாட்டுக்கு பி.ஜி.எஸ். போதும், விவசாயிங்களே ஒருத்தருக்கொருத்தர் உத்தரவாதம் கொடுக்குற சான்று. அக்கம்பக்கத்து விவசாயிங்க குறைஞ்சது 5 பேர் குழுவாச் சேர்ந்து, உறுதிமொழி கொடுத்து, ஒருத்தர் வயலை மத்தவங்க ஆய்வு பண்ணணும்

ராஜா: பெரியப்பா, சித்தப்பா, முருகேசன் மாமா, நான். நாலு

சித்தி: காதுகுத்து ஆவணி முதல் ஞாயிறா ரெண்டாவதா? பந்தல்காரர் முன்பணம் கேக்குறாரு

பெரியப்பா: சேகர் வயலை நான் பாக்குறேன். என்னுதை அவன் பாக்கட்டும்

கலா அத்தை: அது செல்லாது அண்ணே. மாத்தி மாத்திப் பாத்துக்கக் கூடாது

சேகர் சித்தப்பா: வரப்பு அளந்த நாள்லேருந்து அண்ணன் என் வயப்பக்கம் வந்ததே இல்ல

சித்தி: இங்க வேணாம்

பெரியப்பா: சி.ஆர். 1009 ரக நெல்லுக்கு யூரியா இல்லாம முடியாது. கிச்சிலி வயலை மட்டும் எழுதிக்க

கலா அத்தை: ஒரு வயலை மட்டும் காட்ட முடியாது. 24 மாசத்துக்குள்ள மொத்த நிலமும் வந்தாகணும், மாடு உட்பட. முதல்ல மடையைக் கவனிங்க. அண்ணன் வயல் மேடு, யூரியா போட்ட தண்ணி வடிஞ்சு நேரா கிச்சிலிக்குத்தான் போகுது. வாய்க்கால்லேருந்து தனி மடை வச்சு, நடு வரப்பை உசத்திப் பூசணும். மருந்து கலந்த விதைநெல் ஆகாது. களைக்கொல்லி அடிச்ச டேங்க்ல பஞ்சகவ்யா ஊத்தாதீங்க, பயிரும் கருகும், பரிசோதனையில மருந்து எச்சமும் காட்டும். அறுப்பு மெஷின் தொட்டியில அடுத்தவங்க நெல்லு தங்கியிருக்கும், சுத்தம் பண்ணிட்டு இறக்கச் சொல்லுங்க. அப்பவும் முதல்ல விழுற ரெண்டு மூட்டையைத் தனியா வைங்க. என்ன போட்டோம், எந்தத் தேதி, எங்க வாங்கினோம்னு நோட்டுல அன்னன்னைக்கே எழுதணும். மொத்தமா உக்காந்து எழுதுனா ஒரே மையில தெரிஞ்சுடும்

முருகேசன் மாமா: தெளிப்பான் என்னுது. தையில வாங்கிட்டுப் போன சேகர் இன்னும் தரல

சேகர் சித்தப்பா: நாசில் போயிடுச்சு மாமா. மாத்தித் தர்றேன்

ராஜா: இந்தச் சம்பாவுக்கே கிடைக்குமா அத்தை?

கலா அத்தை: நெல்லுக்கு 2 வருஷம் மாறுகாலம், ரசாயனத்தை விட்டு இயற்கைக்கு மாறுற காலம். அதுவரைக்கும் பி.ஜி.எஸ். கிரீன், அப்புறம்தான் ஆர்கானிக். கடைக்காரர்கிட்ட இப்பவே தெளிவாச் சொல்லிடு. கிரீன் நெல்லை ஆர்கானிக்னு வித்தா வாங்குறவங்களை ஏமாத்துறது. குழுவுல ஒருத்தர் தப்புப் பண்ணாலும் எல்லார் பேரும் கெடும்

சித்தி: ரெண்டாவது ஞாயிறுன்னு சொல்லிட்டேன்

பெரியப்பா: அன்னைக்கு மடையைப் பாப்போம். செலவு ஆளுக்குப் பாதி

சேகர் சித்தப்பா: மேட்டுக்காரர்தான் போடணும்

ராஜா: அஞ்சாவது ஆளு?

முருகேசன் மாமா: மேலக்கரை கோவிந்தனைக் கேளு

சேகர் சித்தப்பா: அவர் வந்தா நான் வரல