மறு: மறு: அவசரம் - லூசிசத்துக்கு தமிழ்ல என்ன போட? (டால்பின்)

நிலாமுற்றம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். திங்கட்கிழமை காலைல கொடுத்தாகணும், அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். டால்பின் பத்தின ஒரு ஆவணப்படத்துக்கு தமிழ் சப்டைட்டில் போட்டுட்டிருக்கேன். அமெரிக்காவுல லூசியானா பக்கம் கால்கஷூ ஏரின்னு கடலோட சேர்ந்த ஒரு ஏரி, அங்க 2007ல ஒரு ரோஸ் கலர் டால்பின் கண்ணுல பட்டுச்சு, 'பிங்கி'ன்னு பேரும் வச்சுட்டாங்க. கண்ணும் சிவப்பு, அதனால அல்பினிசம்ங்கிறாங்க. அதுக்கு 'நிறமியின்மை'ன்னு போட்டுட்டேன், அது பரவால்ல. அடுத்த காட்சி கலிபோர்னியா, மான்டரே விரிகுடா. 'காஸ்பர்'னு ஒரு வெள்ளை டால்பின், ரிஸ்ஸோங்கிற இனம். இது லூசிசமாம். உடம்பு வெள்ளை, கண்ணு மட்டும் கறுப்பு. இதுக்கு என்ன போடுறது? ஒரு வரிக்கு 35 எழுத்துதான் இடம், அடிக்குறிப்புக்கு வழியே இல்ல.

தேரிக்காட்டான் எழுதியது:

தங்கச்சி, முதல்ல அந்த டால்பினை எடுங்க. தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் கடலுக்குப் போற ஆள்ட்ட கேளுங்க, ஓங்கில்னுதான் சொல்லுவாங்க. ஓங்கி ஓங்கி எழும்புது, அதான் ஓங்கில்.

புலவர் வாத்தியார் எழுதியது:

தேரிக்காட்டார் சொன்னதை வழிமொழிகிறேன். கிரேக்கத்திலே டெல்ஃபிஸ் என்பது கருப்பை என்ற சொல்லிலிருந்து வந்தது, அதாவது கருப்பையுள்ள மீன். நம்மவன் அது என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறான், கிரேக்கன் அதன் வயிற்றைப் பார்த்திருக்கிறான். நிற்க. லூசிசத்தின் வேர் 'லியூகோஸ்', வெண்மை. தமிழில் வெண்மைக்கு 'வால்' என்றொரு அருமையான சொல் உண்டே. வால்வளை என்றால் வெண்சங்கு. 'வாலெயிறு ஊறிய நீர்' என்று குறள் 1121. ஆகவே 'வாலிமை' என்று வைக்கலாம். மூன்றே மூன்று எழுத்து, அம்மையாருக்கு இடமும் மிச்சம்.

நிலாமுற்றம் எழுதியது:

ஐயா, திரையில ஓங்கில் வால தூக்கி தண்ணிய அடிக்கிற அதே நேரத்துல கீழ 'வாலிமை'ன்னு ஓடினா பாக்கிறவங்க எதை நினைப்பாங்க?

காரிக்காளை எழுதியது:

:-))) சிரிச்சு முடியல. நான் மாட்டு டாக்டருங்க, கடல் பக்கம் அதிகம் போனதில்ல, ஆனா சங்கதி ஒண்ணுதான். அல்பினிசத்துல நிறமி செய்யற செல் இருக்கும், அது மெலனின்ங்கிற நிறமிய செய்யாது, அதாவது ஃபேக்டரில ஆளு இருக்கான், மெஷின் ஓடல. லூசிசத்துல பெரும்பாலும் அந்த செல்லே தோலுக்கு வந்து சேர்றதில்ல, கருவுல முதுகுத்தண்டு பக்கத்துல இருந்து கிளம்பி உடம்பெல்லாம் போகணும், வழில நின்னுபோகுது, ஆளே வேலைக்கு வரல. கண்ணோட உள்பக்க நிறமி தனி வழில உருவாகிறதால கண்ணு தப்பிச்சுக்கும். பாதி இடத்துக்கு மட்டும் போய்ச் சேர்ந்தா திட்டுத்திட்டா வரும், எங்க ஊர்ல நெத்தில வெள்ளை இருந்தா சுட்டின்னு கூப்பிடறோம்ல அந்த மாதிரி. மயிலை, செவலை, காரின்னு மாட்டு நிறத்துக்கு இத்தனை பேர் வச்ச ஆளுங்களுக்கு இது ஒண்ணு வராமலா போகும், நேரா 'வெளிறல்'னு போடுங்க. வெளிறிப்போச்சுன்னா சின்னப் பையனுக்கும் புரியும்.

புலவர் வாத்தியார் எழுதியது:

புரியும், என்ன புரியும்? 'இன்மை அரிதே வெளிறு', குறள் 503. அங்கே வெளிறு என்றால் அறியாமை. மரத்திலும் வயிரம் பாயாத பகுதிதான் வெளிறு. கடலிலே அத்தனை கெட்டிக்காரப் பிராணியை, டாக்டர், நீங்கள் மண்டு என்கிறீர்கள். 'பாண்டு' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார், சித்த மருத்துவத்திலே பாண்டு ரத்தசோகை, அதுவும் ஆகாது. (பாண்டில் என்றால் எருது, வட்டம், தேர் என்றெல்லாம் பொருள் உண்டு, பாண்டியன் பெயரையும் இதோடு சேர்த்துத் தனி இழையில் எழுதுகிறேன்.)

காரிக்காளை எழுதியது:

ஐயா, துணி வெளுக்குறவரை யாரும் அறிவில்லாதவர்னு சொல்றதில்லைங்க. தனி இழை வேண்டாம்ங்க, போன தடவை 'தேர்' இழை 140 மடல் போச்சு.

வல்லையூரான் எழுதியது:

வணக்கம், வான்கூவரில இருந்து எழுதுறன். நீங்கள் ஏன் இவ்வளவு கஷ்டப்படுறியள், கண்ணை வச்சே பேர் வைக்கலாம்தானே. அல்பினிசம் 'செங்கண் வெண்மை', மற்றது 'கருங்கண் வெண்மை'. பார்த்த உடன விளங்கும். எங்கட இந்தப் பக்கக் கடலில 1970ல சீமோ எண்டு ஒரு வெள்ளை ஓர்க்காக் குட்டி பிடிபட்டது, ஓர்க்காவும் டால்பின் குடும்பம்தான். 1972ல பாவம் செத்துப்போச்சு, அதுக்கு நோயெதிர்ப்பைக் கெடுக்கிற ஒரு பரம்பரை வருத்தம். அப்ப வெள்ளை எண்டாலே ஒரு காரணம்தான் எண்டில்லை.

காரிக்காளை எழுதியது:

அண்ணா சொல்றது அழகாத்தான் இருக்கு, ஆனா மாட்டிக்குவோம். ஆஸ்திரேலியாவுல மிகாலூன்னு ஒரு வெள்ளைத் திமிங்கிலத்த 1991ல முதல்ல பாத்தாங்க. கண்ணு பழுப்பா இருக்கு, அல்பினோவா இருக்காதுன்னு பேச்சு வந்துச்சு. பின்னாடி மரபணுவ சோதிச்சா மெலனின் செய்யத் தேவையான டைரோசினேஸ்ங்கிற நொதிலயே கோளாறு, அசல் அல்பினிசம். கண்ண பேர்ல கட்டிட்டோம்னா நாளைக்கு அவிழ்க்க முடியாது.

தேரிக்காட்டான் எழுதியது:

இதுல இன்னொண்ணு. அந்த ரிஸ்ஸோ ஓங்கில் வயசாக வயசாக வெள்ளையாகும், ஒண்ணையொண்ணு பல்லால கீறுறதும் கணவா பிராண்டுறதும் சேர்ந்து மேலெல்லாம் தழும்பு. அது லூசிசம் கிடையாது. ஹாங்காங் ஓங்கிலும் பிறக்கும்போது கருஞ்சாம்பல், வளர்ந்தா ரோஸ், தோலுக்கடியில ரத்தக்குழாய் தெரியுது, அவ்வளவுதான். 1997ல ஊரை சீனாகிட்ட கொடுத்தப்ப அதைத்தான் சின்னமா வச்சாங்க. நம்ம மன்னார் வளைகுடால இருக்கிற அதோட பங்காளி ஈய நிறம், லத்தீன் பேரே ஈயம்தான். அதனால வெறும் 'வெண்மை'ன்னு முடியுற எந்தப் பேரும் உதவாது, தழும்புக்காரனும் உள்ள வந்துருவான். 'நிற' முன்னாடி ஒட்டுங்க. நிறவெளிறல்.

வல்லையூரான் எழுதியது:

சரி, நிறவெளிறலுக்கு என்ர ஓட்டும். எண்டாலும் வெளிறல் எண்டால் பயத்தில முகம் வெளிறின மாதிரியும் இருக்கு.

நிலாமுற்றம் எழுதியது:

ஞாயிறு ராத்திரி 11:40. நிறவெளிறல்னு போட்டு அனுப்பிட்டேன், மூணு பேர் ஓகே சொன்னது போதும். ஓங்கில் முதல் தடவை வரும்போது மட்டும் 'ஓங்கில் என்ற டால்பின்'னு போட்டேன், அதுக்கப்புறம் ஓங்கில்தான். ஆனா 'ஓங்கிலின் நிறவெளிறல் அரிது'ன்னு வர்ற இடத்துல மட்டும் எடிட்டர் 'வெள்ளை டால்பின் அரிது'ன்னு மாத்திட்டாராம், வாசிக்க ஈஸியா இருக்காம். நான் சண்டை போடல.

புலவர் வாத்தியார் எழுதியது:

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். குறள் 503. பாண்டில் இழை நாளை.