டிரங்குப் பெட்டிக்குள் ஒட்டியிருந்த பழைய பத்திரிகைத் துண்டு: எந்த வருடம், என்ன செய்தி? உதவி தேவை

தறிச்சத்தம்:
வணக்கம். சொந்த ஊர் குடியாத்தம், இப்போது இருப்பது ஓசூர். போன மாதம் ஊர் வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியது. மூடியின் உட்புறத்தில் பசை போட்டு ஒட்டிய பத்திரிகைத் துண்டு ஒன்று. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். வலது ஓரம் முழுக்கக் கிழிந்து போயிருக்கிறது. அதில் என் கொள்ளுத்தாத்தா பெயர், அவருடைய அப்பா பெயரோடு சேர்த்து, பளிச்சென்று இருக்கிறது!

அவரைப் பற்றி வீட்டில் சொல்வது ஒரே ஒரு வரி: நூல் வியாபாரம் செய்தார், பெரிதாகச் சம்பாதிக்க ரங்கூனுக்குக் கப்பலேறினார், திரும்பவில்லை.

பெயர்களை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிகிறதை அப்படியே தட்டச்சு செய்கிறேன்.

மேலே சின்ன எழுத்தில்: ரக்தாக்ஷி (ஒரு சுழி) ஆவணி (வேறு சுழி) உயஎ (இன்னொரு சுழி)
கீழே: வட ஆற்காடு டிஸ்டிரிக்ட் கோர்ட்டில்
ஐ. பி. நெ. 3… (கிழிசல்)
குடியாத்தம் தாலூக்கா நெல்லூர்பேட்டையிலிருக்கும் (கொள்ளுத்தாத்தா பெயர்)… பெட்டி…
…முதலிய 11 பேர் கவுண்டர்…

மூன்று சந்தேகம். ரக்தாக்ஷி என்று எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் இல்லை, யார் அது? ஐ.பி.நெ. என்ற தலைப்பெழுத்து யாருடையது? கவுண்டர் என்று வருகிறது, நாங்கள் அந்தச் சாதி இல்லை. 11 கவுண்டர்களோடு இவருக்கு என்ன தகராறு? இணையத்தில் "வேலூர் மாவட்டம்" என்று போட்டு ஒரு வாரமாகத் தேடுகிறேன், ஒன்றும் சிக்கவில்லை.

பஞ்சாங்கப்_பைத்தியம்:
ரக்தாக்ஷி பெண் இல்லை சார், வருஷம்! அறுபது வருஷச் சுற்றில் ஒன்று. இப்போது ரக்தாட்சி என்று எழுதுகிறோம். நீங்கள் சுழி என்று சொல்வது ௵ (வருடம்), ௴ (மாதம்), ௳ (நாள்). "உயஎ" என்று படித்தது தமிழ் எண்: ௨௰௭. ௨ பார்க்க உ மாதிரி, ௰ ய மாதிரி, ௭ எ மாதிரி இருக்கும். இரண்டு பத்து ஏழு, ஆக 27. ரக்தாட்சி ஆவணி 27 என்றால் 1924 செப்டம்பர் இரண்டாவது வாரம். அது பத்திரிகையின் தலைப்பில் தேதி போடும் வரி, செய்தியோடு சம்பந்தம் இல்லை.

தறிச்சத்தம்:
அடக் கடவுளே. ஒரு வாரமாக அந்த அம்மாவை வம்சாவளியில் தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு சந்தேகம்: அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வருமே? 1864 ஆக இருக்காதா?

பஞ்சாங்கப்_பைத்தியம்:
கொள்ளுத்தாத்தா என்கிறீர்களே, 1864 ஒத்துவராது. இருந்தாலும் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விளம்பரமோ செய்தியோ ஏதாவது ஒன்று வருஷத்தைக் காட்டிக்கொடுக்கும்.

புதுசு_2:
ஈரத் துணியை அரை மணி நேரம் போட்டு வைத்தால் பசை இளகி அப்படியே உரிந்து வரும், செய்து பாருங்கள்.

கெஜட்_புழு:
தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் காலத்துப் பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது, அமிலம் ஏறி அப்பளமாக இருக்கும். நனைத்தால் கூழ்தான் மிஞ்சும். லேமினேஷனும் வேண்டாம், செலோடேப்பும் வேண்டாம். இருட்டு அறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் போட்டோ எடுங்கள், மங்கின எழுத்தும் எழும்பும். தானாகவே விட்டுக்கொண்ட மூலை ஏதாவது இருந்தால் அதை மட்டும் லேசாகத் தூக்கிப் பாருங்கள்.

தறிச்சத்தம்:
இடது கீழ்மூலை விட்டுக்கொண்டிருந்தது. பின்பக்கம் "காவேரி வெள்ள" வரைக்கும் தெரிகிறது, அதற்குக் கீழே வரிசையாக ஊர்ப்பெயர்களும் ரூ. அணா கணக்கும்.

பஞ்சாங்கப்_பைத்தியம்:
போதும். 1924 ஜூலையில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வந்த பெருவெள்ளம். அது நிவாரணத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் பட்டியலாக இருக்கும். என் பக்கம் முடிந்தது.

பழைய_கோர்ட்டு_குமாஸ்தா:
தம்பி, மற்ற இரண்டையும் நான் சொல்கிறேன், மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். ஐ.பி. யாருடைய தலைப்பெழுத்தும் இல்லை. இன்ஸால்வென்சி பெட்டிஷன், கடனைத் தீர்க்க வழியில்லை என்று கோர்ட்டில் போடும் மனு. நம்மூரில் மஞ்சக் கடுதாசி என்போமே, அது. "நெ." என்றால் நெம்பர். கிழிந்து போனது "பெட்டிஷனர்", அதாவது உங்கள் கொள்ளுத்தாத்தா. கவுண்டரும் சாதி இல்லை, "கவுண்டர் பெட்டிஷனர்கள்". எதிர்த்தரப்பு. கடன் கொடுத்த 11 பேர்.

அப்போது நடப்பில் இருந்தது 1920ஆம் வருஷத்து மாகாண இன்ஸால்வென்சி சட்டம். ஒருவரை இன்ஸால்வெண்டு, அதாவது நொடித்தவர், என்று கோர்ட்டு தீர்மானித்தால் அவர் சொத்து கோர்ட்டின் கைக்கோ, கோர்ட்டு நியமிக்கும் ரிசீவர் கைக்கோ போய்விடும். ரிசீவர் விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். உங்கள் துண்டில் இருப்பது மனு போட்ட கட்டமா, தீர்ப்பான கட்டமா என்பது கிழிந்த பாதியில் இருக்கிறது.

தறிச்சத்தம்:
ஐயா, ரொம்ப நன்றி. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நூல் வியாபாரத்தில் அப்படி என்ன ஆகியிருக்கும்?

பழைய_கோர்ட்டு_குமாஸ்தா:
யுத்தம் முடிந்ததும் பருத்தி விலை உச்சத்துக்கு ஏறி 1920-21இல் தலைகுப்புற விழுந்தது. அதிக விலைக்குச் சரக்கு வாங்கிப் போட்டவர்கள் எல்லா ஊரிலும் அடிபட்டார்கள். உங்கள் தாத்தாவும் அதில் ஒருவரா என்பதைக் காகிதம்தான் சொல்ல வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை தம்பி.

மணிக்கூண்டு:
நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்கள் பாட்டனார் முதல் உலகப் போருக்குப் போனவர். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்லில் 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இருக்கிறதே, அந்தப் பெயர்கள் பத்திரிகையில் வந்திருக்குமா?

கெஜட்_புழு:
கல்லில் எண்ணிக்கை மட்டும்தான். இறந்தவர் என்றால் முதலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலைப் பாருங்கள், பத்திரிகை அப்புறம். உயிரோடு திரும்பியவர் என்றால் கதை வேறு, தனி இழை போடுங்கள்.

தறிச்சத்தம் அவர்களே, உங்கள் தேடல் ஏன் சிக்கவில்லை என்றால், 1924இல் வேலூர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது. வட ஆற்காடு ஜில்லா. 1911 வரை அதற்குச் சித்தூர்தான் தலைநகர். சித்தூர் தனி ஜில்லாவான பிறகுதான் வேலூருக்கு வந்தது. திருப்பத்தூர்க்காரர்கள் அதே 1911க்கு முன்னால் தேட வேண்டியது சேலம் ஜில்லாவில். ஆங்கிலத்தில் தேடினால் ஊர்ப்பெயரும் மாறும்: வந்தவாசி வாண்டிவாஷ் ஆகியிருக்கும், குடியாத்தத்தின் "த்த" வரும் இடத்தில் இரண்டு டி போட்டுக் "குடியாட்டம்" என்று படிக்கிற மாதிரி இருக்கும். தமிழ்ப் பத்திரிகை ஸ்கேன்களில் எழுத்துத் தேடலை நம்பவே வேண்டாம். பழைய வடிவத்தில் அச்சான ணா, லை, னை எல்லாம் கணினிக்குப் புரியாமல் குதறி வைத்திருக்கும். தேதி கிடைத்துவிட்டது, இனிமேல் பக்கம் பக்கமாகப் புரட்டுவதுதான் வழி.

புதுசு_2:
நேட்டிவ் நியூஸ்பேப்பர் ரிப்போர்ட் என்று அரசாங்கம் வாராவாரம் தமிழ்ப் பத்திரிகைகளைச் சுருக்கி ஆங்கிலத்தில் வைத்திருக்கிறதாமே, அதில் இருக்காதா?

கெஜட்_புழு:
இந்த முறை நல்ல கேள்வி. ஆனால் அது, யார் அரசாங்கத்தைத் திட்டுகிறார்கள் என்று பார்ப்பதற்காக எடுத்த சுருக்கம். நூல் வியாபாரி நொடித்ததை யார் மொழிபெயர்ப்பார்கள்? இவருக்கு கெஜட், அதாவது அரசாங்க அறிவிப்புகள் வரும் இதழ்தான் சரி. இன்ஸால்வெண்டு என்று தீர்மானித்தால் பெயர், விலாசத்தோடு அரசாங்க கெஜட்டில் அறிவிப்பு போட வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டையும் வட ஆற்காடு ஜில்லா கெஜட்டையும் கேளுங்கள். 1924 ஆகஸ்டில் ஆரம்பித்து 1925 கடைசி வரை பாருங்கள். பத்திரிகைக்கு தரமணி ரோஜா முத்தையா நூலகம். 1882இல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கி 1899இல் நாளிதழான சுதேசமித்திரனில் ஆரம்பிக்கலாம்.

பழைய_கோர்ட்டு_குமாஸ்தா:
ரிசீவர் வீட்டை விற்றிருந்தால் கிரயப் பத்திரம் பதிவாகியிருக்கும். குடியாத்தம் சார்பதிவாளர் ஆபீசில் அந்த வருஷங்களுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரில் வராது, கையெழுத்துப் புத்தகம்தான்.

தறிச்சத்தம்:
நேற்று அத்தையிடம் போனில் பேசினேன், 84 வயது. மஞ்சக் கடுதாசி என்று சொன்னதும் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம், "அந்தப் பொட்டியை ஏன்டா தொறந்தே?" என்றார். ரங்கூன் கதையைக் கட்டியது அவருடைய பாட்டியாம், பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்று. அவர் போனது ரங்கூன் இல்லை, கோலார் தங்கவயல். ஐந்தாறு வருடம் யாருக்கும் தெரியாமல் பணம் வந்துகொண்டிருந்ததாம். துண்டை வெட்டி ஒட்டி வைத்ததும் பாட்டிதான் என்கிறார். ஏன் என்று கேட்டேன், பதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை எழும்பூர் போகிறேன். சீட்டில் என்ன எழுதிக் கொடுப்பது?

கெஜட்_புழு:
கெஜட் பெயர், ஜில்லா, 1924 ஆகஸ்டு முதல் 1925 டிசம்பர் வரை. இது போதும். பேனா வேண்டாம், பென்சில் எடுத்துப் போங்கள். கோலாருக்குத் தனி இழை ஆரம்பியுங்கள்.